ஒரு தரம், இரண்டு தரம்

மீட்கப்படாத நகைகளை வங்கியில் ஏலம் விடும் நாட்களில் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் நான். கேட்பவர்கள் பழகிய முகங்கள்தான். விலை ஒரு இடத்தில் நின்றதும் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று குரல் எழுகிறது; நான் எழுதிக்கொள்கிறேன். தரம் என்ற சொல்லுக்குத் தமிழில் தடவை என்றும் பொருள், மேன்மை என்றும் பொருள். மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி எழுத உட்காரும்போது அதே சொல்லை இரண்டாவது பொருளில் உபயோகிக்கிறேன். காலையில் கேட்டது காதில் இருக்கும்போது மாலையில் எழுதுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கூச்சத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதவைத்தது ஒரு மரணம். இறந்தவர் இவ்வூரில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் பழங்காசுகள் சேர்த்தவர். அவர் வாரிசுகள் அந்தக் காசுகளைப் பங்கிட்ட தினத்தன்று தராசைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அதைச் சொல்வதற்குமுன் இந்த ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அண்டை ஊர். அந்தப் பக்கத்து வெள்ளைக் களிமண் இங்கே பொம்மையாகவும் அகல்விளக்காகவும் ஃபியூஸ் கட்டையாகவும் வேகிறது. ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும். ஆற்றில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆனால் தமிழில் பொன்னை மதிப்பிடுவது பற்றிய மிகப் பழைய கதைகளில் ஒன்று நடந்த இடம் இந்த மணல்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பங்குனி உத்திரத்துக்குப் பரவையார் செலவழிக்கப் பொன் வேண்டும் என்று சுந்தரர் திருமுதுகுன்றத்தில் கேட்கிறார். 12,000 பொன் கிடைக்கிறது. இந்தப் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்று நாம் கேலியாகச் சொல்வது இதைத்தான். கேலியில் நாம் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொள்கிறார். சேக்கிழார் இதற்கு மச்சம் என்ற சொல்லை வைக்கிறார். மாதிரித் துண்டு. திருவாரூரில் பொன் வந்ததும் மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கிறார்கள், மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார், மாற்றுச் சரியாகிறது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையாருக்குச் சன்னதியே இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கடவுள் கொடுத்த பொன்னையும் உரைத்துப் பார்க்கலாம் என்கிற துணிச்சல். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். சோழ அரசில் பெரும் பதவி வகித்தவர் என்பது மரபு. எந்தக் கஜானாவில் பணம் செலுத்தினாலும் மாற்றுப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியாமலிருக்காது. பக்திக் கதையின் நடுவே ஒரு கணக்கன் உட்கார்ந்திருக்கிறான். என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய கௌரவத்தை இலக்கியத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதே கதை இன்னொன்றையும் சொல்கிறது. உரைகல் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: எவ்வளவு பொன், எவ்வளவு கலப்பு. 12,000 பொன்னில் யாருடைய முத்திரை இருந்தது, எந்தத் தேசத்தில் அடித்தது என்று திருவாரூரில் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. திருவிழாச் செலவுக்கு மாற்றுப் போதும்.

ஓவிய ஆசிரியர் வீட்டில் நடந்ததும் இதுதான்.

அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்கள் வெளியூர். காரியம் முடிந்த மறுவாரம் பெரியவர் என்னைத் தேடி வந்தார். ‘நீங்க பாங்க்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்’ என்றார். எனக்குத் தெரிந்தது, நகையை எப்படி மதிப்பிடுவது என்பது. வழக்கமாக நகை உரைக்கிற அப்ரைசரை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடி, இரண்டு தகரப் பெட்டி. உள்ளே சின்னச் சின்னக் காகித உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு காசு. உறைமேல் மையில் ஓர் எண். வேறு எதுவும் எழுதவில்லை.

அப்ரைசர் நேர்மையான மனிதர். தங்கம், வெள்ளி, செம்பு என்று பிரித்தார். பிரிப்பதற்கு உறையிலிருந்து எடுக்கவேண்டும். எடுத்த உறைகளைக் காலடியில் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கத்தில் இரண்டு வராகனும் ஒன்பது பணமும் தேறின. பணம் என்பது அரைக்கிராம்கூட இல்லாத துளி. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளியில் நாற்பது சொச்சம், பெரும்பாலும் கம்பெனி ரூபாயும் ராணி ரூபாயும். செம்பு அறுநூறுக்கு மேல். வராகனில் ஒன்றை உரைத்துவிட்டு, ‘மாத்துக் கம்மி சார்’ என்றார். ‘எந்த ஊர்க் காசு?’ என்று கேட்டேன். சிரித்தார். ‘கல்லுக்கு அது தெரியாது சார்’ என்றார்.

ஒருபுறம் நிற்கும் திருமால் உருவம். மறுபுறம் வெறும் புள்ளிகள். பரங்கிப்பேட்டை வராகன் என்று வழங்குகிற வகை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாற்றுக் குறைந்தது என்று அந்தக் காலத்து வியாபாரிகளும் முகம் சுளித்த காசு. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது; வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. இவ்வூர் ஆற்றோடு போனால் போய்ச் சேர்கிற துறைமுகத்தின் பேரைத் தாங்கிய காசு இவ்வூர் வீடொன்றில் இருந்தது. அதை நாங்கள் மூன்றாக வகுத்தோம். இரண்டு வராகனை மூன்று பேருக்கு எப்படி வகுப்பது? எடைக்கு விலை போட்டு, இரண்டு மகன்கள் எடுத்துக்கொண்டு, மகளுக்குப் பணமாகக் கொடுத்தார்கள். செம்பைக் கிலோக் கணக்கில் ஒரு வியாபாரி வாங்கிப் போனார். மதியம் இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. கணக்கு ஒரு காசு பிசகவில்லை. நான்தான் எழுதினேன்.

இறந்தவர் ஒருவரின் சேகரிப்பை விலைபோடுவது உலகத்தில் புதிதல்ல. தென்னிந்தியக் காசுகளைப் பொறுத்தவரை இதன் மிகப் பெரிய உதாரணம் காலின் மெக்கன்ஸி. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே ஒரு தீவில் பிறந்து, 1783இல் சென்னைக்கு வந்து, மைசூரை அளந்து, 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலானவர். 1821 மே 8ஆம் தேதி கல்கத்தாவில் இறந்தார். விட்டுச்சென்றவற்றை எண்ணி முடித்தபோது கிடைத்த பட்டியல்: இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, சித்திரங்கள் 2,630, நாணயங்கள் 6,218. இத்தனைக்கும் சேர்த்து ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் அரசாங்கம் அவர் விதவைக்குக் கொடுத்த விலை 10,000 பவுன்.

வங்கி குமாஸ்தாவின் புத்தி, உடனே வகுத்துப் பார்க்கச் சொல்லும். வகுக்க முடியாது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. அனைத்துக்கும் சேர்த்து ஒரே விலை. ஒரு சுவடிக்கு இவ்வளவு, ஒரு காசுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் அந்த 6,218ம் மறுமாதமே பொற்கொல்லர் உலையில் கரைந்திருக்கும். கம்பெனியின் உத்தேசம் ஆளுவதற்கு வேண்டிய தகவல். ரஸனை என்று யாரும் ஏமாறவேண்டாம். ஆனாலும் ஒரு தொகுப்பு தொகுப்பாகவே விலைபோனது என்பதால் அது தொகுப்பாகவே மிஞ்சிற்று. எச். எச். வில்ஸன் 1828இல் கல்கத்தாவிலிருந்து அதற்கு விவரப் பட்டியல் வெளியிட முடிந்தது. பிறகு சுவடிகள் லண்டன், கல்கத்தா, சென்னை என்று மூன்றாகப் பிரிந்தன. அது வேறு கதை.

மெக்கன்ஸிக்கு இந்திய மொழிகள் தெரியாது. தனக்கு அந்த அறிவு இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அவருக்காக ஊர் ஊராகப் போய்க் கோயில் பட்டர்களிடமும் கர்ணங்களிடமும் பேசிச் சேகரித்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலான உதவியாளர்கள். போரய்யா 1803இல் இளவயதிலேயே போய்விட்டார். மெக்கன்ஸி இறந்தபின், வேலையைத் தொடர்ந்து நடத்தத் தன்னை அனுமதிக்கவேண்டும் என்று லட்சுமய்யா கேட்டார். 1830களில் வங்காள ஆசியக் கழகத்திடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அதன் செயலாளர் ஜேம்ஸ் பிரின்ஸெப். கல்கத்தா நாணயச் சாலையில் மாற்றுப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். சேகரிக்கச் சுதேசிகளுக்குத் தெரியும். சேகரித்ததன் மதிப்பை எடைபோட்டு அதிலிருந்து பொது முடிவுக்கு வரப் பழகிய ஒரு தலை மேலே வேண்டும், அது இவரிடம் இல்லை என்ற பொருள்பட பதில் வந்தது. அனுமதி கிடைக்கவில்லை.

பிரின்ஸெப்பைச் சுலபமாகத் திட்டிவிடலாம். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய மனிதர். அந்தப் படிப்புக்குக் காசுகளும் உதவின. திட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. எந்தக் காசு எந்த ஊரில், எந்த வயலில், யார் வீட்டில் கிடைத்தது என்று தெரிந்தவன் லட்சுமய்யா. காசில் எவ்வளவு பொன் என்று தெரிந்தவர் பிரின்ஸெப். மதிப்பு என்பதை இந்த இருவரில் யார் அறிந்திருந்தார்கள்? அன்று அதிகாரம் ஒரு பதிலைச் சொன்னது. ஓவிய ஆசிரியர் வீட்டில் நானும் அதே பதிலைத்தான் சொன்னேன், அதிகாரம் எதுவும் இல்லாமலே.

காசின் மதிப்பு என்பது எத்தனை விதமாக மாறக்கூடியது என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையலைச் சொல்லவேண்டும். 1898இல் அந்தச் சமஸ்தானத்தில் ஒரு மண்பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. கடைசிக் காசுகள் வெஸ்பாஸியன் காலம், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டு. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. உள்ளே பொன்தானா என்று பார்க்க. தேய்ந்து எடை குறைந்தவற்றைப் புழக்கத்திலிருந்து விலக்க. அந்நிய அரசனின் முகத்தை ரத்துசெய்ய. எந்த விளக்கமானாலும், அந்த உளியைப் பிடித்தவன் ஒரு மதிப்பீட்டாளன். அவனுக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகம் எடைக்குக் குறுக்கே வந்த ஒரு கோடு மாத்திரம். அவன் வெட்டியதால் ஏலக்காரனின் அளவுகோலில் அந்தக் காசுகளின் விலை குறைந்துவிட்டது. சரித்திரக்காரனுக்கோ அந்த வெட்டுத்தான் விலைமதிப்பற்றது. தமிழ்நாட்டில் ஒருவன் அந்தக் காசை என்னவாக நினைத்தான் என்பதற்கு அதுவே அவன் கையெழுத்து.

501 காசுகளைப் பற்றியும் எழுதினார்கள். அவை இருந்த பானையைப் பற்றிப் பேச்சில்லை. பீங்கான் ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது உறுத்துகிறது. எந்தப் புதையலையும் காலம் கண்டுபிடிக்கப் பானையைப் போல் உதவுவது வேறில்லை என்று இன்று தொல்லியலில் சொல்கிறார்கள். புதையல் எடுத்த கை முதலில் உடைத்துப் போடுவது அதைத்தான். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்குமேல் பெறுமானமுள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும் என்கிறது. பானை பத்து ரூபாய் பெறுமா?

நாணய ஏலங்களின் முறை தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விபரீதம் தென்படும். காசுகளைத் தேய்மானத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். புழக்கத்துக்கே வராத காசு உச்சத்தில். கைபட்டுத் தேய்ந்தது கீழே. காசு எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்யாமலிருந்தால் விலை அதிகம். அடுத்தது அருமை. ராஜராஜன் பேர் பொறித்த செப்புக் காசு, ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் உட்கார்ந்த உருவமும் கொண்டது, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது, ஆகவே மலிவு. பேர்கூட நிச்சயமில்லாத ஒரு சிற்றரசனின் காசு இரண்டோ மூன்றோ மட்டும் மிஞ்சியிருந்தால், அவன் ராஜராஜனைவிட உசத்தி. சந்தைக்கு இது நியாயமே. அதைச் சரித்திரத்தின் நியாயம் என்று நாம் நினைத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது.

அருமையும் பொன்னும் சேர்ந்து உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 1987 நவம்பரில் ஜெனீவாவில் பார்த்தார்கள். ஜஹாங்கீர் 1613இல் ஆக்ராவில் அடிக்கச் செய்த ஆயிரம் மொகர் காசு ஏலத்துக்கு வந்தது. விட்டம் 20 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 12 கிலோ. ஹைதராபாத் நிஜாம் குடும்பத்து உடைமை. அடிமாட்டு விலை என்று விற்பவர் வைத்த தொகையைக்கூட எட்டாததால் அது விற்கவில்லை. இந்தியாவில் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் 1976இல் அமலுக்கு வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே அது எப்படி ஜெனீவா போயிற்று என்று விசாரணை நடந்தது. அன்று அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய பொற்காசு. ஒரு கடையிலும் ஒரு நாளும் செலவாகாத காசு. கடைசியில் வாங்குவாரும் இல்லை. மதிப்பு எல்லையைத் தாண்டினால் விலை இல்லாமல் போகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்கள் உண்டு. ரோமானியக் காசு, சேரர் காசு, எல்லாம் அந்த மணலில் கலந்து கிடந்தன. மதுரையிலும் அப்படி. பாசி பிடித்த சதுரச் செம்புத் துண்டுகள். சங்க காலத் தமிழரசர்கள் பேர் பொறித்துக் காசு அடித்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1980களின் நடுவில் மதுரையில் வாங்கிய இப்படியொரு காசைச் சுத்தம் செய்தபோது, ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் தமிழ் பிராமியில் பெருவழுதி என்ற பேரைப் படித்தார். தினமலர் ஆசிரியராக இருந்தவர், சேகரிப்பாளர். ஒரு பேர், ஒரு குதிரை, சில கோடுகள். அதன் பிறகு மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பேர்கள் வரத் தொடங்கின. எடைக்குப் போட்டால் அரை ரூபாய் பெறாத செம்பு, ஒரு நூற்றாண்டு வாதத்தை முடித்தது.

அந்தத் துண்டை அவருக்குமுன் எத்தனையோ பேர் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். செம்பு என்று சரியாகவே மதிப்பிட்டிருப்பார்கள்.

ஸர் வால்டர் எலியட் கடைசிக் காலத்தில் பார்வை இழந்தவர். தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய அவர் புத்தகம் 1886இல் வந்தபோது அவருக்குக் கண் அநேகமாக இல்லை. சென்னை ராஜதானியில் கழித்த நாட்களில் சேர்த்த காசுகளைப் பற்றி இருட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறார். அவர் எதைக்கொண்டு எழுதினார்? எந்தக் காசு எங்கிருந்து, எப்போது, எதனோடு சேர்ந்து வந்தது என்ற ஞாபகம் அவரிடம் இருந்தது. அது இருக்கும்வரை கண் இல்லாமலும் சமாளிக்கலாம். கண் இருந்தும் அது இல்லாவிட்டால் என்னைப்போல ஆகும்.

இனி என் கூச்சத்துக்கு வருகிறேன். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு மாத்யூ ஆர்னால்டைப் பாடம் சொன்னார்கள். 1880இல் எழுதிய கட்டுரையில் அவர் உரைகல் முறையைச் சொல்கிறார்: மேதைகளின் சில வரிகளை மனத்தில் வைத்துக்கொள்; புதிதாக வரும் கவிதையை அவற்றோடு உரைத்துப் பார்; மாற்றுத் தெரிந்துவிடும். அவர் சொன்னதைச் சுந்தரர் கதை முன்பே செய்து காட்டிவிட்டது. ஆர்னால்டின் வரிகள் நம் மச்சம்தான். தமிழில் இந்த முறையைத் தைரியமாகக் கையாண்டவர் க.நா.சு. பட்டியல் போட்டார். உலக இலக்கியம் என்ற மச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது தேறும், இது தேறாது என்றார். காரணம் சொல்லவில்லை என்று அவர்மேல் புகார். செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய பிறகு அலசல் முறை விமர்சனம் காரணங்களைத் தேடிப் புறப்பட்டது. இன்று நம்மில் பலர் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பட்டியலை நான் குறை சொல்லமாட்டேன். மாற்றுப் பார்க்க ஆளில்லாத ஊரில் பித்தளை பொன்னாக விற்கும். நம் சூழலில் அது தினசரி நடப்பு. உரைகல் வேண்டும். ஆனால் உரைக்கும்போது காசு கொஞ்சம் தேய்கிறது என்பதையும், கல்லில் விழும் கோடு காசின் உலோகத்தைத் தவிர வேறெதையும் காட்டாது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு கவிதையை அது பிறந்த பத்திரிகையிலிருந்தும், பக்கத்தில் அச்சான கதையிலிருந்தும், அது பதில் சொல்லிய சண்டையிலிருந்தும் பிரித்தெடுத்துத் தொகுதியில் வைக்கிறோம். சிறந்த பத்து, சிறந்த நூறு. உறைகளைக் காலடியில் போட்டுவிட்டுக் காசுகளைத் தட்டில் குவிக்கிறோம். இருநூறு பிரதி அச்சடித்து நின்றுபோன ஒரு பத்திரிகையின் முழு வரிசை இப்போது எத்தனை வீடுகளில் இருக்கும்? அந்த வீடுகளில் மரணம் நிகழும்போது தராசைப் பிடிக்கப்போகிறவர்கள் யார்? பழைய காகிதத்துக்கும் கிலோக் கணக்கு உண்டு.

அப்ரைசரின் வேலை ஒன்று; ஓவிய ஆசிரியரின் வேலை வேறு. விமர்சகன் முதலாவதைச் செய்தால் போதும் என்று நான் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்கீடு முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த வீட்டு மகளைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்; இந்த ஊரிலேயே இருப்பவர். ‘தம்பி, ஒரு நிமிஷம் வீட்டுக்கு வாங்க’ என்று அழைத்துப்போனார். அலமாரியிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்தார். அண்ணன்மார் வேண்டாம் என்று விட்டுப் போனதாம். ஒன்றிலிருந்து அறுநூற்றுச் சொச்சம்வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஓவிய ஆசிரியர்களுக்கே உரிய அழகான கையெழுத்தில் தேதி, இடம், கொடுத்தவர், கொடுத்த விலை. கிணறு தூர்வாரும்போது கிடைத்தது. சந்தையில் ஒரு பாத்திரக்காரரிடம் வாங்கியது. ஒரு மாணவன் பள்ளிக்குக் கொண்டுவந்தது. விலை: கலர் பென்சில் ஒரு பெட்டி. சிலவற்றுக்கு எதிரே காசின் இரண்டு பக்கத்தையும் பென்சிலில் வரைந்திருந்தார். பெரும்பாலானவற்றுக்கு இடம் மட்டும் விட்டிருந்தார், பிறகு வரையலாம் என்று.

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். ‘மணிமுத்தாறு, மணல். பாப்பா எடுத்துக் கொடுத்தது. விலை இல்லை’ என்று இருந்தது. தேதியைப் பார்த்தால் அவருக்கு ஏழெட்டு வயசு இருந்திருக்கும். வரைவதற்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

‘இது எந்தக் காசு தம்பி? தங்கமா, செம்பா? யார் பங்குல போச்சு?’ என்று கேட்டார்.

நான் எழுதிய கணக்கு என்னிடம் இருந்தது. தங்கம் இவ்வளவு கிராம், வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு கிலோ. அதை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நோட்டைக் கேட்டேன், படியெடுத்துத் தருவதாகச் சொல்லி. கொடுத்தார். மாலைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 230 எண்வரை வந்திருக்கிறது.